உகந்தது அன்று

எனக்குச் சோறு போடுவது மற்றவர்களின் நோய். நான் மருத்துவன் இல்லை, மொழிபெயர்ப்பாளன். சிங்கப்பூரில் எந்த நோய்க்கு எந்தத் தாள் அச்சடித்தாலும் அது நான்கு மொழியிலும் வரவேண்டும். அதில் நான்காவதாக வருகிற தமிழ் பெரும்பாலும் கிளமெண்டியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தயாராவது. இருமல், கண்புரை, கொசு, கொழுப்பு, குளியலறையில் வழுக்கி விழுதல் என்று பல வருடங்களாக எழுதி வருகிறேன். பாலிகிளினிக்கின் கம்பித் தட்டில் மற்ற மொழித் தாள்கள் தீர்ந்துபோய், தமிழ்த் தாள் மட்டும் கட்டுக் குலையாமல் இருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். நம் ஆட்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஒருமைக்கு ‘அன்று’, பன்மைக்கு ‘அல்ல’. ‘இது நல்லது அல்ல’ என்று யாராவது எழுதினால் எனக்குப் பல் கூசும். ‘இது நல்லது அன்று’ என்றுதான் எழுதவேண்டும். ஒருமுறை தெரிந்தவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் இந்தப் பிழையைப் பார்த்துவிட்டு, மொய் உறையின் மேலேயே திருத்தி எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எனக்குப் பத்திரிகை வரவில்லை. மொழிக்காகச் சில இழப்புகளைத் தாங்கத்தான் வேண்டும்.

நோன்பு மாதத்துக்குச் சற்று முன்பு எனக்கு ஒரு புது வேலை வந்தது. பட்டினி கிடப்பதுபோல் நடிக்கிற ஓர் உணவுமுறை பற்றிய தாள். மாதத்தில் ஐந்து நாள் மட்டும். முழுப் பட்டினி இல்லை. கொஞ்சம் சூப், கொஞ்சம் கொட்டை, கொஞ்சம் காய். அளவும் குறைவு, புரதமும் குறைவு, இறைச்சி கிடையாது. இவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிட்டால் உடம்பு தான் பட்டினி கிடப்பதாக நம்பிவிடுமாம். நம்பியதும் சேர்த்து வைத்திருக்கிற கொழுப்பை எடுத்து எரிக்குமாம், பழுதான உயிரணுக்களைக் கூட்டிப் பெருக்குமாம். சிலருக்கு எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் இறங்கியிருக்கிறது என்றது ஆங்கிலத் தாள். நீண்ட காலப் பலனை இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அடுத்த வரியிலேயே பின்வாங்கியது. தலைவலி வரலாம், சோர்வு வரலாம். கடைசியில் ஓர் எச்சரிக்கை: சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கினால் சர்க்கரை அபாயமான அளவுக்குக் கீழே போய்விடும்.

உடம்பை ஏமாற்றுவது என்கிற யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இத்தனை வருடமாக அதுதானே என்னை ஏமாற்றி வந்தது. என் தொப்பைக்கு ஐந்து நாள் பாடம் கற்பிப்பது என்று முடிவு செய்து, சின்னச் சின்னப் பொட்டலங்கள் அடுக்கிய ஒரு டப்பாவை இணையத்தில் வரவழைத்தேன்.

பெயர் வைப்பதற்குத்தான் இரண்டு நாள் ஆனது. விரதம் மாதிரி இருக்கிறது, ஆனால் விரதம் இல்லை. கடைசியில் ‘விரதப்போலி’ என்று வைத்தேன். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வந்து நிற்பதை இலக்கணத்தில் போலி என்போம். எவ்வளவு பொருத்தம்! அச்சுக்கு முந்தைய மாதிரித் தாள் வந்ததும், பெருமை தாங்காமல் கேலாங்கில் இருக்கிற அக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலைப்பை மட்டும் படித்தாள்.

“விரதப் போளியா? என்ன பூரணம் வைக்கிறது, கடலைப் பருப்பா தேங்காயா?”

“போளி இல்லக்கா. போலி.”

“அப்ப டூப்ளிகேட்டா? டூப்ளிகேட் விரதம் இருக்கச் சொல்லி கவர்மெண்டே சொல்லுதா?”

தாளை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன்.

அக்காவுக்கு என்னைவிட ஏழு வயது கூட. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சர்க்கரைக்குப் பல வருடங்களாக மாத்திரை போடுகிறாள். அடுத்த முறை பரிசோதனையில் சர்க்கரை இறங்கவில்லையென்றால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவுக்கு ஊசியின் வலி பயமில்லை. அத்தான் ஊசி போட ஆரம்பித்த அதே வருடம் இறந்துபோனார். அவரைக் கொண்டுபோனது சிறுநீரகம், ஊசி இல்லை. அது அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பேனா மாதிரியான ஊசியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் அதன் பின்னாலேயே வேறு என்னவோ வரும் என்று அவள் மனசில் பதிந்துவிட்டது. அந்த ஊசியை எப்படியாவது தள்ளிப்போட வேண்டும். அவளுக்கு அப்போது வேறு கவலையே இல்லை.

விரதம் ஒன்றும் அவளுக்குப் புதிதில்லை. இளவயதிலிருந்தே வெள்ளிக்கிழமை விரதம். நம் ஊர் விரதத்துக்கு இலக்கணம் சுலபம்: சோறு சாப்பிடக்கூடாது, அவ்வளவுதான். சோறு இல்லாத எதுவும் சாப்பாடு ஆகாது. காலையில் நாலு இட்லி, பத்து மணிக்குப் பால், மத்தியானம் வாழைப்பழம், சாயங்காலம் சிவன் கோயிலில் பிரசாதமாக ஒரு வடை, ராத்திரிக்கு ரெண்டு தோசை. “காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல” என்று அக்கா உண்மையான களைப்போடு சொல்வாள். அப்படிப்பட்ட வெள்ளிக்கிழமைகளில் காலை மாத்திரையைப் போட்டு அவளுக்கு ஒன்றும் ஆனதில்லை. நாலு இட்லியை எதிர்த்து எந்த மாத்திரை ஜெயிக்கும்?

ஒரு புதன்கிழமை போன் செய்தாள். “நானும் நாளையிலேர்ந்து அஞ்சு நாள் ஒன் போலியைச் செய்யப் போறேன்.”

“டாக்டர்கிட்ட சொல்லிட்டியாக்கா?”

“அதெல்லாம் ஒன் தாள்ல போட்டிருக்கற மாதிரியே செய்யறேன். நீதானே எழுதினே.”

நானேதான் எழுதினேன். அதற்கு மேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

டப்பாவெல்லாம் அவளுக்குத் தேவைப்படவில்லை. சூப்புக்குப் பதில் பருப்பில்லாத ரசம். ஆலிவுக்குப் பதில் நெல்லிக்காய். பெயர் தெரியாத கொட்டைகளுக்குப் பதில் ஒரு பிடி வேர்க்கடலை. வெள்ளைக்காரனுடைய போலிக்கு அவள் தமிழில் ஒரு போலி செய்துவிட்டாள். யோசித்துப் பார்த்தால் அந்தத் தாளை உருப்படியாக மொழிபெயர்த்தவள் அவள்தான். நானோ முதல் நாள் மத்தியானமே பொட்டலத்தில் இருந்த ஆலிவ்களைத் தின்றுவிட்டு, உறையில் ஒட்டியிருந்த எண்ணெயையும் நக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் தேக்கா சந்தையில் சந்தித்துக் காய்கறி வாங்குவது வழக்கம். விரதப்போலி என்பதால் அன்றைக்கு வாங்க அதிகம் இல்லை. ஒரு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு மாடியில் என் பள்ளித் தோழனுடைய துணிக்கடைக்குப் போனோம். அவன் தாத்தா காலத்தில் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். மூன்றாவது தலைமுறையாகத் துணி வெட்டுகிறார்கள். நோன்பு மாதத்தின் இரண்டாவது வாரம் அது. அவன் விடிவதற்கு முன் சாப்பிட்டதோடு சரி, தண்ணீர்கூடக் குடிக்காமல் எப்போதும்போல மீட்டர் குச்சியால் துணி அளந்துகொண்டிருந்தான்.

நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து என் பட்டினியின் மகிமையைச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் உடம்பு எப்படி லேசாகிறது, உயிரணுக்கள் எப்படித் தங்களைத் தாங்களே தூய்மை செய்துகொள்கின்றன என்றெல்லாம். காலையில் பொட்டலத்துச் சூப் குடித்துவிட்டு வந்தவன், எச்சில்கூட விழுங்காமல் இருக்கிறவனிடம் பசியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். அவனும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

அக்கா ஜாக்கெட் துணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் விரித்திருந்தது பச்சைத் துணி.

“இந்தச் சிவப்பு வேணாம்” என்றாள்.

“அக்கா, இது பச்சைக்கா” என்றான் தோழன்.

“எனக்குக் கண்ணு தெரியாதா? யாருகிட்ட பேசறோம்னு பார்த்துப் பேசுங்க!” அக்கா கத்தினாள். அவள் கடையில் கத்துகிற ஆளே இல்லை. நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. துணியைப் பிடித்த கை நடுங்கியது.

“பாத்தியா, தூய்மை ஆகுது” என்றேன் நான். அப்படித்தான் சொன்னேன். நடந்ததை மாற்றிச் சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.

தோழன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அக்காவைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். இழுப்பறையிலிருந்து சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்து அவள் விரலில் குத்தினான். அவனுக்கும் சர்க்கரை உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாலுக்கு மேல் இருக்கவேண்டியது, மெஷினில் இரண்டு புள்ளி எட்டு என்று காட்டியது.

“லோ சுகர் டா! கீழ ஓடு. சீனி நெறையப் போட்டு ஒரு தே-ஓ வாங்கிட்டு வா. ஓடு லா!”

ஓடினேன். தாழ்நிலைக் குருதிச் சர்க்கரை என்று நான் எழுதியது இதைத்தான். அது இப்படி வியர்த்து, பச்சையைச் சிவப்பு என்று சொல்லி, நம் அக்காவின் முகத்தோடு வந்து நிற்கும் என்று எழுதும்போது எனக்குத் தெரியாது. கீழே தேத்தண்ணிக் கடையில் வரிசையைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். வாய் தானாகத் திறந்தது. பத்து வருடமாக அந்தக் கடையில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

“தே-ஓ கொசோங்!”

தே-ஓ என்றால் பால் இல்லாத தேநீர், கொசோங் என்றால் சீனியும் இல்லாதது. எனக்கு அது உறைத்தது, கோப்பையோடு மேலே வந்து சேர்ந்த பிறகுதான்.

தோழன் கோப்பையை வாங்கி அக்காவின் வாயருகே கொண்டுபோனவன் என் முகத்தைப் பார்த்தான். “சீனி போட்டாங்களா?” நோன்பில் இருக்கிறவன் அதை ருசி பார்க்கவும் முடியாது. கோப்பையைத் தரையில் வைத்தான். நோன்பு திறப்பதற்காக வைத்திருந்த பேரீச்சம்பழ டப்பாவை எடுத்தான். கொட்டையை எடுத்துவிட்டு, பழத்தைச் சின்னதாகக் கிள்ளி அக்காவின் வாயில் வைத்தான். “மெல்லுங்கக்கா. மெதுவா. இன்னும் ஒண்ணு.” நான் மறுபடியும் ஓடி, இந்த முறை கடைக்காரர் மூன்று கரண்டி சீனி போடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்கி வந்தேன். பட்டினி கிடப்பவன், பட்டினி கிடப்பதாக நடிக்கிறவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். நடிக்கிற இன்னொருவனான நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கால் மணி நேரத்தில் அக்கா துணியைப் பார்த்து, “நல்ல பச்சை” என்றாள்.

தோழனுக்கு அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. “நான் நோன்புக்கு ஒரு மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட போயி மாத்திரை அளவு, நேரம் எல்லாம் மாத்திக்கிட்டு வந்துட்டேன். தெனம் விரல்ல குத்திப் பாக்கறேன். எறங்கிச்சுன்னா நோன்ப விட்டுடணும்னு சொல்லியிருக்காங்க. நெஜமா கெடக்கறவன் கேட்டுட்டுக் கெடக்கறான். நடிக்கறவங்க கேக்கறதில்லையா?”

“ஏன்க்கா டாக்டரைக் கேக்கல?” என்றேன் நானும், கூட்டத்தில் கோவிந்தா போட்டு.

அக்கா கைப்பையைத் திறந்தாள். நாலாக மடித்த என் மாதிரித் தாள். கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினாள். “நீயே படி.”

நான் எழுதியது இது: ‘நீரிழிவு மருந்து உட்கொள்வோர்க்கு இம்முறை உகந்தது அன்று; மருத்துவரைக் கலந்தாலோசிக்க.’ சேர்த்து ‘உகந்ததன்று’ என்றுதான் எழுதியிருந்தேன். பத்தி குறுகல், நீளமான சொற்களைப் பிரித்துக் கொடுங்கள் என்று வடிவமைப்பாளர் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. பிரித்துக் கொடுத்தேன். அவர் அதை இடத்துக்கு ஏற்றபடி மடக்கியிருந்தார். முதல் வரி ‘உகந்தது’ என்று முடிந்தது. அடுத்த வரி ‘அன்று’ என்று தொடங்கியது. அரைப்புள்ளி ஒரு தூசி அளவுக்கு இருந்தது.

“மருந்து சாப்பிடறவங்களுக்கு உகந்ததுன்னு போட்டிருக்கா? அன்று மருத்துவரைக் கேக்கணும்னு போட்டிருக்கா? அன்னிக்குத்தான்னா எந்த அன்னிக்குன்னு யோசிச்சேன். எனக்கு அப்பாயிண்ட்மெண்ட் அடுத்த மாசம். அப்பச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

தோழன் தாளை வாங்கிப் படித்தான். “எனக்கும் அப்படித்தான் தெரியுது” என்றான்.

ஒருமைக்கு ‘அன்று’, பன்மைக்கு ‘அல்ல’ என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அதைச் சொல்லாமல் விட்ட முதல் சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த மாத்திரை மறுபடியும் சர்க்கரையை இறக்கும், வீட்டுக்குப் போகாதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள் என்று தோழன் சொல்லிவிட்டான். டாக்ஸியில் ஏறியதும் நான் முதலில் செய்தது, தாளைச் சரிபார்க்கிற பெண்ணுக்குப் போன் போட்டது. அச்சுக்குப் போகவில்லை என்றாள். மூச்சு வந்தது. ‘அன்று’ வேண்டாம், ‘கூடாது’ என்று மாற்றுங்கள் என்றேன்.

“சார், நீங்களா பேசறீங்க? போன வருஷம் நான் ‘அல்ல’ன்னு போட்டதுக்கு ஒன்றரைப் பக்கம் ஈமெயில் அனுப்பினீங்களே.”

“அந்த ஈமெயில அழிச்சிடும்மா.”

“ஃப்ரேம் பண்ணாத குறையா வச்சிருக்கேன் சார்” என்று சிரித்தாள். ஆனால் மாற்றிவிட்டாள். ‘சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.’ விரதப்போலி என்கிற பெயரும் போயிற்று. ‘ஐந்து நாள் குறைவாகச் சாப்பிடும் முறை’ என்று வந்தது. அதைப் பார்த்தபோது எனக்குள் எதுவோ செத்ததுபோல இருந்தது. செத்தது பெரிதாக ஒன்றுமில்லை, என் செருக்கில் ஒரு பகுதி. மிச்சம் இன்னும் இருக்கிறது.

அக்காவின் டாக்டர் திட்டவில்லை. நிதானமாகக் கேட்டுக்கொண்டு, மாத்திரையை மாற்றினார். சாப்பாட்டைக் குறைப்பதில் தப்பில்லை, ஆனால் மருந்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் குறைக்க வேண்டும், அதை நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து செய்வோம் என்றார். அடுத்த மாதப் பரிசோதனையில் சர்க்கரை எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. ஊசி வந்துவிட்டது.

முதல் ஊசி போடுகிற காலை என்னை வரச் சொல்லியிருந்தாள். போனேன். மேசையில் அத்தான் வைத்திருந்தது மாதிரியே ஒரு பேனா, பக்கத்தில் மருந்துப் பை. அக்கா குளித்து, விபூதி வைத்து, ஏதோ பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் பயந்திருந்தாள். நானும்தான்.

“கிளினிக்குல நர்ஸ் மிஸ்ஸி நல்லாத்தான் சொல்லிக் கொடுத்துச்சு. வீட்டுக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோச்சு” என்றாள். பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். பக்கத்துக்கு ஒரு மொழி, தமிழ் கடைசிப் பக்கம். “இதைப் படிச்சு ஒவ்வொண்ணாச் சொல்லு. நான் அதும்படிச் செய்யறேன்.”

வாங்கிப் பார்த்தேன். ‘உட்செலுத்தலுக்கு முன்னர்ச் செலுத்துமுனையின் உறை அகற்றி, வளிக்குமிழ் வெளியேற்றப்பட்டமை உறுதிசெய்க.’ பல வருடங்களுக்கு முன் நான் எழுதியது. வளிக்குமிழ் என்ற சொல்லுக்காக ஒரு மத்தியானம் முழுவதும் செலவழித்தது நினைவிருக்கிறது.

“என்ன போட்டிருக்கு?” என்றாள் அக்கா, பேனாவைக் கையில் பிடித்தபடி.

இன்னொரு முறை படித்தேன். பிறகு தாளைத் திருப்பி, ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்து, அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.